எந்த மடையிலிருந்து

ஒரு நெட்வொர்க் பிரிண்டருக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுத்து எழுப்பும்போது, தன்னைப் பற்றி அதற்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். தொழிற்சாலையில் அதன் நெட்வொர்க் கார்டில் பதித்து அனுப்பிய 48 பிட் எண். மேக் அட்ரஸ் என்போம். எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், யாருடைய மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியாது. யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது. அதனால் எல்லோரிடமும் கேட்கும். அனுப்புநர் இடத்தில் 0.0.0.0, பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்று போட்டு ஒரு செய்தியை வயரில் விடும். ‘என் எண் இது, எனக்கு யாராவது ஒரு முகவரி கொடுங்க’ என்பதுதான் அதன் சாரம். பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும்.

இந்தக் கூப்பாட்டுக்கு பிராட்காஸ்ட் என்று பெயர். ரேடியோக்காரர்கள் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அது விவசாயச் சொல். விதையைக் கையில் அள்ளி வயல் முழுக்க வீசி விதைப்பதை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் மேட்டூர்த் தண்ணீர் தாமதமாகிற வருடங்களில் நாற்று விடாமல் புழுதியிலேயே நேரடியாக விதைப்பார்கள். அப்பா விதைப்பதைச் சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடுப்பில் கூடை, கை அரைவட்டமாகச் சுற்றும், விதை நாலு பக்கமும் போய் விழும். வரப்போடு நிற்கும்.

நெட்வொர்க்கிலும் கூப்பாடு வரப்போடு நிற்கும். அந்த வரப்புக்குள் இருக்கிற பகுதியைத்தான் சப்நெட் என்கிறோம். ஒரு சப்நெட்டையும் இன்னொன்றையும் இணைக்கும் ரவுட்டர், பெயரும் முகவரியும் எழுதிய கடிதத்தை அந்தப் பக்கம் தள்ளிவிடும். பொத்தாம்பொதுவான கூப்பாட்டைத் தள்ளாது. அப்படி இருப்பதில் நியாயம் உண்டு. ஆயிரம் மெஷின் இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றின் கூப்பாடும் எல்லாவற்றின் காதிலும் விழுந்தால், எல்லாம் தன் வேலையை நிறுத்திவிட்டு ‘நம்மளையா கூப்பிடுறான்’ என்று திரும்பிப் பார்க்க வேண்டும். வரப்பு இல்லாமல் நெல் விளையாது. தண்ணீர் நிற்காது, மேட்டு வயல் காயும், பள்ள வயல் அழுகும்.

ஆனால் முகவரி கொடுக்கிற ஆள் வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தால் என்ன செய்வது? இந்தப் பக்கம் புதிதாக வந்தவன் எவ்வளவு நேரம் கத்தினாலும் அவன் குரல் வரப்பில் மோதி விழுந்துவிடும். இதைச் சரி செய்ய ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைப் போட வைக்க எனக்குப் பதினாறு நாள் ஆனது.

*

தஞ்சாவூரைச் சுற்றி பாபநாசம், ஒரத்தநாடு, மன்னார்குடி, கும்பகோணம் என்று பைக்கில் போய் கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட்வொர்க் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். இரண்டு வருடத்துக்கு முன்னால் நவம்பர் 13ஆம் தேதி காலை ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பெயர் வேண்டாம். விவசாயிகள் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்கிற இடங்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் நவம்பர் 13 என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்ய இங்கே பெரும்பாலும் நவம்பர் 15தான் கடைசி நாள். சில வருடம் நீட்டிப்பார்கள், ஆனால் நீட்டிப்பார்கள் என்று நம்பி யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். சம்பா மாதிரி ரபி உணவுப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். வடகிழக்கு மழை உச்சத்தில் இருக்கிற நேரம் அது. 2018ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது நவம்பர் 16 அதிகாலை. காப்பீட்டுக்கு வழக்கமாகச் சொல்கிற அந்தக் கடைசி நாளின் ராத்திரி விடிவதற்குள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்தத் தேதியை யாரும் வெறும் தேதியாகப் பார்ப்பதில்லை.

நான் போனபோது வாசல் வரை வரிசை. தூறல். செருப்பு கழட்டுகிற இடத்தில் சேறு. அலுவலகம் பழைய கட்டடத்திலிருந்து பின்னால் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் பாதி மாறியிருந்தது. பதிவு கவுண்டரைப் புதுக் கட்டடத்தில் போட்டிருந்தார்கள். அதோடு பெரிய லேசர் பிரிண்டரையும் முந்தின நாள் சாயந்திரம் நாலு பேர் தூக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்த அலுவலகத்தில் முன்மொழிவுப் படிவத்தை அச்செடுத்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கித்தான் அடுத்த வேலை. பிரிண்டர் ஓடவில்லை என்றால் ஒன்றும் ஓடாது. யூஎஸ்பி வயரில் நேராகப் போடலாம் என்றால், மேலிடத்து உத்தரவுப்படி எல்லாக் கம்ப்யூட்டரிலும் யூஎஸ்பியை அடைத்து வைத்திருந்தார்கள்.

“நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு தம்பி. தூக்கிட்டு வந்ததுதான் தப்பு. உள்ள எதாவது களண்டிருக்குமோ?” என்றார் மேலாளர்.

ஒன்றும் கழன்றிருக்கவில்லை. அந்தப் பிரிண்டருக்கு எப்போதோ யாரோ 192.168.10.45 என்று கையால் ஒரு முகவரி எழுதியிருக்கிறார்கள். பழைய கட்டடம் முழுக்க 192.168.10 என்கிற தெரு. 45 அதன் கதவு எண். புதுக் கட்டடம் 192.168.20 தெரு. பிரிண்டர் ஒரு தெருவின் கதவு எண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டு இன்னொரு தெருவில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு வருகிற கடிதமெல்லாம் பழைய தெருவுக்கே போய்த் தேடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

எண்ணை மாற்றலாம் என்றால் பிரிண்டரின் செட்டிங்ஸ் மெனு பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு வைத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். போன் போட்டால் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் கொடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். எழுந்தபோது அதற்குத் தன் மேக் எண்ணைத் தவிர ஒன்றும் நினைவில்லை. கூப்பிட ஆரம்பித்தது.

லேப்டாப்பை அதே ஸ்விட்சில் செருகி வயர்ஷார்க்கில் பார்த்தேன். கூப்பாடு ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. பதில் எங்கிருந்தும் இல்லை. இரண்டு நிமிடம் கழித்துப் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அதில் ஐபி முகவரி என்ற இடத்தில் 192.0.0.192 என்று இருந்தது. பழைய நெட்வொர்க் பிரிண்டர் கார்டுகள் சிலவற்றோடு பழகியவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் புரியும். யாரும் கொடுத்த எண் இல்லை அது. கேட்டுப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் தானே போட்டுக்கொண்டது. அப்பா பெயர் தெரியாத பிள்ளைக்கு ஸ்கூலில் எதையோ ஒன்றை எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி.

*

இந்தப் பிரச்சினைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1984ல் ஸ்டான்ஃபோர்டில் ரார்ப் என்று ஒரு முறையை எழுதினார்கள். ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் எழுந்ததும் தன் மேக் எண்ணைச் சொல்லிக் கூவும், ஒரு சர்வர் அதற்கு முகவரி சொல்லும். ஆனால் அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்ட வழியே கிடையாது. ஒவ்வொரு வரப்புக்குள்ளும் ஒரு சர்வர் வைக்க வேண்டும். அடுத்த வருடம், 1985 செப்டம்பரில், ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பில் க்ராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த ஜான் கில்மோரும் சேர்ந்து பூட்பி என்ற முறையை எழுதினார்கள். ஆர்எஃப்சி 951 என்பது அந்த ஆவணத்தின் எண். முகவரி மட்டுமில்லாமல், ‘நீ எழுந்து ஓடுவதற்கான ஃபைல் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்றும் அது சொல்லும்.

அதைவிட முக்கியமாக, வரப்பில் நிற்கிற ஆளுக்கு அவர்கள் ஓர் இடம் ஒதுக்கினார்கள். அந்தச் செய்தியின் நடுவில் நாலு பைட் அளவுக்கு ஒரு கட்டம். கேட்கிறவன் அதைக் காலியாக விடுவான். கூப்பாடு காதில் விழுந்ததும் வரப்பில் இருக்கிற ரவுட்டர் அந்தக் கட்டத்தில் தன் முகவரியை எழுதி, எங்கோ இருக்கிற சர்வருக்குக் கடிதமாக அனுப்பும். சர்வர் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் இது எந்தத் தெருவிலிருந்து வந்த கேள்வி, எந்தத் தெருவின் கதவு எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும்.

1991ல் எச்பி, நேராக நெட்வொர்க் வயரைச் செருகுகிற லேசர்ஜெட்டைக் கொண்டுவந்தது. அந்த வகைப் பிரிண்டர்கள் முகவரி கேட்கப் பழகியது பூட்பியில்தான். 1993ல் பிறந்து 1997ல் இன்றைய வடிவத்துக்கு வந்த டிஹெச்சிபியும், அதாவது நம் வீட்டு வைஃபை வரைக்கும் எல்லாவற்றிலும் ஓடுவதும், அதே செய்தி வடிவத்தை, அதே 67, 68 போர்ட்டுகளை, அதே நாலு பைட் கட்டத்தை வைத்திருக்கிறது.

அந்தச் செய்தியில் எனக்குப் பிடித்த இன்னொரு கட்டம் உண்டு. ‘எத்தனை நொடியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதும் இடம். வயர்ஷார்க்கில் அந்த எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வரிசையில் முன்னால் நின்ற ஒரு அம்மா என் பக்கம் குனிந்து, “தம்பி, இன்னிக்காவது ஆயிடுமா? மூணு நாளா வர்றேன்” என்றார். வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனை நாளாக நிற்கிறார்கள் என்று எழுத எந்தப் படிவத்திலும் நான் கட்டம் பார்த்ததில்லை.

*

அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். எல்லாம் அழிந்ததில் பாஸ்வேர்டும் போயிருந்ததால், பிரிண்டரில் 192.168.20.45 என்று கையால் போட்டேன். சர்வரில் இருந்த பழைய எண்ணை மாற்றினேன். இருபது நிமிட வேலை. முதல் படிவம் சூடாக வெளியே வந்தபோது வரிசையில் ஒரு சலசலப்பு. தாளுக்குப் பின் தாளாக வர ஆரம்பித்தது.

அந்த அம்மாவின் முறை வந்தது. சொந்த நிலம் இல்லை. நாலு மா, ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், வாய்மொழிக் குத்தகை. நிலத்துக்காரர் சென்னையில். பட்டா அவர் பெயரில். குத்தகைக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தஞ்சாவூர் ஜில்லாவில் இது புதிதில்லை. 1952ல் இந்த மாவட்டத்துக்கென்றே பண்ணையாள், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969ல் மாநிலத்துக்கே ஒரு சட்டம் வந்தது. அப்புறமும் வாய்மொழியாக உழுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே ஆதாரம் அடங்கல். இன்ன சர்வே நம்பரில், இந்தப் பசலியில், இன்ன பயிரை, இன்னார் சாகுபடி செய்கிறார் என்று விஏஓ எழுதுகிற கிராமக் கணக்கு. அந்த ஊர் விஏஓ வயலில் வந்து பார்த்து இந்த அம்மாவின் பெயரைப் போட்டு அடங்கல் கொடுத்திருந்தார்.

படிவம் வந்ததும் அதை வாங்கி என்னிடம் நீட்டினார். “படிச்சுச் சொல்லுங்க தம்பி.”

பெயரைப் படிக்க ஆரம்பித்தேன்.

“பேரு கெடக்கட்டும். வயலு சரியாப் போட்டுருக்காவோளா பாருங்க.”

ஊர் பெயர், சர்வே நம்பர் 118, உட்பிரிவு 2பி, சம்பா நெல் என்று படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். உதடு அசைய அந்த எண்ணைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, சரி என்று தலையாட்டிக் கைநாட்டு வைத்தார். ஏன் பெயரைவிட எண்ணை முதலில் பார்த்தார் என்று அப்போது புரியவில்லை. வெள்ளம் வந்து வயல் போனால் அவர் யார் என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியப்போவதில்லை. எந்த வயல் என்பது எழுதியிருந்தால்தான் யாராவது தேடி வர முடியும். அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

*

சாயந்திரம் கூட்டம் குறைந்தது. மேலாளர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னேன்: “சார், இது இன்னிக்கு ஓடும். ஆனா ரவுட்டர்ல ஒரு வரி போடணும். இந்தக் கட்டடத்துல கேக்குற மெஷினோட குரல் அந்தக் கட்டடத்துல இருக்கற டிஹெச்சிபி சர்வருக்குப் போகணும்.”

“அதான் ஓடுதே தம்பி. இங்க இருக்கற ஆறு கம்ப்யூட்டரும் ஓடுது.”

ஓடியது உண்மைதான். ஆறு கம்ப்யூட்டருக்கும் கட்டடம் திறந்த அன்றே யாரோ கையால் எண் போட்டிருந்தார்கள். அதனால்தான் அங்கே எந்தக் கூப்பாடும் வெளியே போகாது என்பது இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. கேட்கத் தேவையில்லாதவர்கள் மட்டும் இருக்கிற இடத்தில் காது கேட்கவில்லை என்பது வெளியே தெரியாது.

கையால் எண் போடுவதை எங்கள் தொழிலில் ஸ்டாட்டிக் என்போம். எனக்கு அது எப்போதும் ‘தெரிஞ்ச ஆள்’ மாதிரி தோன்றும். தாலுக்கா ஆபீஸில், ஆஸ்பத்திரியில், ஸ்கூல் அட்மிஷனில் நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருப்பார். அவர் இருக்கிற வரைக்கும் நம் வேலை நடக்கும். அவர் மாற்றலாகிப் போனால் நம் எண்ணும் போச்சு, பாஸ்வேர்டும் போச்சு. அன்று காலை நடந்தது அதேதான். யாரோ ஒருத்தர் தன் தலைக்குள் வைத்திருந்த கணக்கு, அவரோடு ஊர் மாறிப் போயிருந்தது. நானும் இப்போது கையால் எண் போட்டுவிட்டுப் போனால், அடுத்த தெரிஞ்ச ஆள் நான். எனக்கு அதில் வருமானம்தான். ஆனால் அடுத்த நவம்பரில் இந்த வரிசை நிற்கும்போது நான் மன்னார்குடியில் இருக்கலாம், காய்ச்சலில் படுத்திருக்கலாம்.

அந்த ஒரு வரிக்கு எங்கள் சாதனங்களில் ‘ஐபி ஹெல்ப்பர் அட்ரஸ்’ என்று பெயர். அதை எழுதிய பிறகு ரவுட்டர் தன் பக்கம் யார் கூவினாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏற்கெனவே தெரிந்தவரா என்று பார்க்காது. ஹெல்ப்பர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நெல் கொள்முதல் நிலையம்தான் ஞாபகம் வரும். அங்கே பட்டியல் எழுத்தர், காவலர் என்ற வேலைகளோடு ‘பருவகால உதவுபவர்’ என்றும் ஒரு வேலை. அறுவடை சமயத்தில் மூட்டைக்கும் ரசீதுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பவர்.

ராத்திரி வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கிளை வாய்க்காலில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரைத் தூக்குவது, இறக்குவது, காலையில் அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்துச் சொல்வது, கரையைப் பார்த்துக்கொள்வது லஸ்கர் வேலை. மேட்டூரில் ஜூன் 12 திறக்கிற தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அதற்கப்புறம் ஆறு, கிளையாறு, வாய்க்கால், கண்ணி என்று பிரிந்து பிரிந்து கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பல நாள் ஆகிவிடும். தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைத்து விடுவார்கள். அப்போது கடைமடைக்காரர்கள் கரையில் வந்து நின்று சத்தம் போடுவார்கள். சத்தம் லஸ்கர் வரைக்கும்தான் கேட்கும். எவ்வளவு விடுவது என்று முடிவு செய்கிறவர் எங்கோ இருக்கிறார்.

சித்தப்பா அந்தக் காலத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். யார் வந்து கேட்டாலும் அதில் எழுதி, மறுநாள் செக்‌ஷன் ஆபீஸில் சொல்வார். ஆள் பெயர் எழுத மாட்டார். மடையின் பெயரை எழுதுவார். ஏன் என்று அன்றைக்குக் கேட்டேன்.

“ஆளு பேரு எழுதுனா அது சிபாரிசாயிடும்டா. பெரிய மிராசு பேரு இருந்தா ஒரு மாதிரி, குடியானவன் பேரு இருந்தா ஒரு மாதிரி. மடை பேரு எழுதுனா அது கணக்கு. மேல இருக்கறவருக்கு ஆளத் தெரிஞ்சு என்னா ஆவப்போவுது? எந்த மடையில தண்ணி ஏறலன்னு தெரியணும்.”

1993 அக்டோபரில் கார்னெகி மெல்லனைச் சேர்ந்த வால்ட்டர் வைமர் என்பவர் பூட்பியில் இருந்த குழப்பங்களைத் தெளிவாக்கி ஓர் ஆவணம் எழுதினார். ஆர்எஃப்சி 1542. வரப்பில் நிற்கிற ஆளுக்கு ரிலே ஏஜென்ட் என்ற பெயரை நிலைநிறுத்தியது அதுதான். அதில் உள்ள விதிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ரிலே என்பது வந்த கடிதத்தை அப்படியே தள்ளிவிடுகிற வேலை இல்லை. அந்தக் கூப்பாட்டைத் தனக்கே வந்ததாக வாங்கிக்கொண்டு, தன் பொறுப்பில் வேறொரு கடிதமாக அனுப்ப வேண்டும். அந்த நாலு பைட் கட்டம் காலியாக இருந்தால், கூப்பாடு எந்தப் பக்கத்திலிருந்து கேட்டதோ அந்தப் பக்கத்து முகவரியை எழுத வேண்டும். ஏற்கெனவே வேறொரு ரிலே எழுதியிருந்தால் அதைத் தொடக் கூடாது. வழியில் எத்தனை பேர் கை மாறினாலும், முதலில் கேட்டவன் நின்ற இடம் அழியக் கூடாது.

சித்தப்பாவின் நோட்டிலும் அதேதான் இருந்தது. கரையில் கேட்ட சத்தத்தைத் தன் கணக்காக எடுத்துக்கொண்டார். எந்த மடையிலிருந்து என்று எழுதினார்.

*

ரவுட்டரின் பாஸ்வேர்டு அந்த அலுவலகத்தில் இல்லை. அதைப் பார்த்துக்கொள்வது வேறொரு நகரத்தில் இருக்கிற ஒரு நிறுவனம். மறுநாள் போன் செய்தேன்.

“டிக்கெட் போட்டீங்களா?”

“நான் ஆபீஸ் ஆள் இல்ல சார், சர்வீஸ் பாக்க வந்தவன்.”

“அப்ப ஆபீஸ்ல இருந்து போடச் சொல்லுங்க. என்ன ப்ராப்ளம்?”

“புதுக் கட்டடத்து சப்நெட்ல டிஹெச்சிபி ரிலே இல்ல.”

“பிரிண்டர் ஓடுதுல்ல?”

“ஓடுது.”

“அப்ப ப்ராப்ளம் இல்லியே.”

தப்பாகப் பேசவில்லை அவர். அவருடைய திரையில் ஓடாதது மட்டும்தான் சிவப்பாகத் தெரியும். மேலாளரிடம் போய் டிக்கெட் போட வைத்தேன். ‘பிரிண்டர் சரியாகிவிட்டது’ என்று சொல்லி மூடிவிட்டார்கள். இரண்டாவது டிக்கெட்டில் பிரிண்டர் என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். ‘192.168.20 சப்நெட்டிலிருந்து வரும் முகவரிக் கோரிக்கைகள் சர்வருக்குச் சேரவில்லை’ என்று மட்டும் எழுதச் சொன்னேன். மடையின் பெயர். ஆறு நாள் கழித்து வரியைப் போட்டார்கள்.

போய்ச் சோதித்தால் அப்போதும் பதில் வரவில்லை. இந்தத் தடவை காரணம் வேறு. கூப்பாடு சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் சர்வரின் புத்தகத்தில் 192.168.20 என்ற தெருவுக்குப் பக்கமே இல்லை. ஸ்கோப் என்போம் அதை. எந்தத் தெருவுக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கலாம் என்ற பட்டியல். அது இல்லாவிட்டால் சர்வர் கேள்வியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். மறுப்புகூட அனுப்பாது. வாய்மொழிக் குத்தகைக்காரர்கள் அலுவலகங்களில் சந்திக்கிற மௌனம் இதுதான் என்று தோன்றியது. ‘இல்லை’ என்று சொன்னால்கூட மேலே போய்க் கேட்கலாம். பதிவேட்டில் இடமே இல்லாதவர்களிடம் யாரும் இல்லை என்றும் சொல்வதில்லை.

மூன்றாவது டிக்கெட். நவம்பர் 29 அன்று ஸ்கோப் போட்டார்கள். பிரிண்டரின் மேக் எண்ணுக்கு 45ஐ நிரந்தரமாக ஒதுக்கி வைக்கவும் சொன்னேன், செய்தார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் கையால் போட்ட எண்ணை அழித்துவிட்டுப் பிரிண்டரை அணைத்துப் போட்டேன். எழுந்தது. கூப்பிட்டது. சர்வரிடமிருந்து பதில் வந்தது, இது ஒத்துக்கொண்டது, அது உறுதி சொன்னது. மொத்தம் ஒரு நொடிகூட இல்லை. சின்னத் திரையில் 192.168.20.45.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “முன்னாடியும் இதே நம்பர்தானே தம்பி இருந்துச்சு?”

“ஆமா சார்.”

“அப்பறம் என்னா வித்தியாசம்?”

“முன்னாடி நான் குடுத்தது சார். இது அதுவே கேட்டு வாங்குனது.”

சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

*

அறுவடை முடிந்து மாசி மாதம் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்தேன். புதுக் கட்டடத்தில் கைரேகை வைக்கிற மெஷின் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் வந்திருந்தது. யார் மாட்டினார்கள் என்று கேட்டேன். கொண்டுவந்த பையனே வயரைச் செருகிவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்விட்டானாம். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. சித்தப்பாவிடம் சொன்னபோது, “கடைமடையில தண்ணி ஏறிட்டா எவன் லஸ்கரத் தேடப்போறான்” என்றார். அது பிற்பாடு.

அங்கே நிற்கும்போது அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. அந்த மார்கழியில் அவர்கள் பக்கத்து வயல்களில் நாலைந்து நாள் தண்ணீர் நின்றதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். நீலப் புடவை, மூன்று நாள் வந்தவர், நாலு மா குத்தகை என்றெல்லாம் சொன்னேன். அவருக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு மட்டும் எத்தனை பேர் வந்திருப்பார்கள்.

“பேரு தெரியுமாண்ணே?”

பெயரைப் படிக்கவே அவர் விடவில்லை.

“பேரு இல்லாட்டியும் பரவால்ல. ஊரும் சர்வே நம்பரும் இருந்தா சொல்லுங்க, எடுத்துப் பாக்கலாம்.”

இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த எண். மறக்கவில்லை. ஊர் பெயரைச் சொன்னேன். நூத்திப் பதினெட்டு, ரெண்டு பி என்றேன். அவர் தட்டச்சு செய்தார்.

“இருக்குண்ணே. பதிவாயிருக்கு. சேதக் கணக்கு எடுக்க இன்னும் ஆள் வரல, லிஸ்ட்டுல இந்த வயலு இருக்கு.”

எனக்கு ஒரு பிரிண்ட் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.